கிழக்கு வரிசையில் கூச்சல்

ஓர் ஏரி. அதன் மேற்குக் கரைக்குக் கீழே ஊர். கிழக்கே வயல். ஊருக்கும் வயலுக்கும் சேர்த்து ஒரே சபை.

சபையில் மேற்கு வரிசை, கிழக்கு வரிசை என்று இரண்டு. ஒவ்வொன்றிலும் பதினாறு பேர். நடுவில் சபாநாயகர். அவருக்குக் கீழே ஒரு சின்ன மேசை. அங்கே உட்கார்ந்து, பேசுகிறவர்கள் பேசுவதையெல்லாம் சுருக்கெழுத்தில் எடுத்து, பிறகு சுத்தப் பிரதி எழுதுவது பிலோமியின் வேலை.

அந்த வருஷம் கரையில் கசிவு கண்டது. மழைக்கு ஒரு மாதம்தான் இருந்தது. மதகைத் திறந்து ஏரியை வடித்தால்தான் கரையைக் கட்ட முடியும் என்றது மேற்கு வரிசை. மதகுத் தண்ணீர் எங்கள் வயல் வழியாகத்தான் போக வேண்டும், கதிர் முற்றும் நேரத்தில் திறந்தால் அத்தனையும் மூழ்கும் என்றது கிழக்கு வரிசை.

இருபத்திரண்டு நாள் சபை கூடியது. கத்தியது. கலைந்தது.

திருட்டுத்தனமாக மதகைத் திறந்துவிடுவார்களோ என்று கிழக்குப் பக்கத்து ஆண்கள் கம்போடு மதகடியில் உட்கார்ந்தார்கள். தங்கள் வயலைக் காப்பாற்ற ஊர்ப்பக்கம் கரையை வெட்டிவிடுவார்களோ என்று மேற்குப் பக்கத்து ஆண்கள் கம்போடு கரைமேல் உட்கார்ந்தார்கள்.

பிலோமியின் வீடு கரைக்கு நேர் கீழே, கடைசி வீடு. அவளுக்கு ஒன்றேகால் வயதில் ஒரு பெண் குழந்தை. தூளிக் கயிற்றை அவள் வாரத்துக்கு ஒரு சாண் உயர்த்திக் கட்டிக்கொண்டிருந்தாள்.

இருபத்திரண்டாம் நாள் சாயங்காலம், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தனக்குச் சுருக்கெழுத்துச் சொல்லிக்கொடுத்த வடிவு டீச்சரைப் பார்க்கப் போனாள்.

டீச்சர் அவளைவிட ஐந்து வயதுதான் மூத்தவள். பிலோமிக்கு முன் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தவள். ஒரு நாள் போகவில்லை; பிறகு போகவே இல்லை. கிழக்கில் பிறந்தவள் என்பதால் துரத்திவிட்டார்கள் என்று கிழக்கில் சொன்னார்கள். கிழக்குக்கு உளவு சொன்னதால் துரத்தினோம் என்று மேற்கில் சொன்னார்கள். டீச்சரை யாரும் கேட்கவில்லை. பிலோமியும் கேட்டதில்லை.

வாசலில் ஒரு கறுப்புக் குடை சாய்ந்திருந்தது. ஆண்பிள்ளைக் குடை.

பிலோமி குனிந்து பார்த்தாள். "யார் வந்திருந்தா, டீச்சர்?"

"குடைக்காரர்."

"கிழக்குப் பக்கமா?"

"எப்படிச் சொல்றே?"

"நுனியில செம்மண் ஒட்டியிருக்கு. ஊர்ப்பக்கம் கரிசல்தானே."

"கண்ணு நல்லாத்தான் இருக்கு உனக்கு. உள்ள வா."

டீச்சர் குழந்தைக்கு ஒரு டம்ளரில் பால் கொண்டுவந்தாள்.

"வேண்டாம், டீச்சர். நான் வீட்லேர்ந்தே கொண்டுவந்திருக்கேன்." பிலோமி குழந்தையை மூலையில் உட்காரவைத்து, பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள்.

டீச்சர் அந்தப் பாலைத் தானே குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்தாள். "ம். சொல்லு."

"வேலையை விடப்போறேன்."

"ஏன்?"

"இருபத்திரண்டு நாளா ஒரே வரிதான் எழுதறேன். கிழக்கு வரிசையில் கூச்சல். சபை ஒத்திவைக்கப்பட்டது. இதுக்கு எதுக்கு ஒரு ஆள்? ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செஞ்சு வச்சுட்டாப் போதும்."

"கூச்சல் போட்டாங்களா?"

"போட்டாங்க."

"என்ன சொல்லி?"

"கூச்சல்தான், டீச்சர். அதுல என்ன இருக்கு?"

பின்னால், மூலையில், குழந்தை அழுதது. பிலோமி திரும்பவில்லை. "அது ஒண்ணுமில்ல. தூக்கம். கண்ணைக் கசக்குவா பாருங்க."

டீச்சர் பார்த்தாள். குழந்தை கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தது.

சற்றுக் கழித்து மறுபடி அழுதது.

"பாட்டில் எங்கயோ உருண்டுபோச்சு," என்றாள் பிலோமி, திரும்பாமலேயே.

டீச்சர் எழுந்து போய் பெஞ்சுக்கு அடியிலிருந்து பாட்டிலை எடுத்துக் குழந்தையின் கையில் கொடுத்தாள். அழுகை நின்றது. டீச்சர் பிலோமியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

பிறகு கேட்டாள்: "ஒன்பதாம் நாள் நோட்டு இருக்கா?"

இருந்தது. பிலோமி தன் நோட்டுகளை ஆபீசில் வைப்பதில்லை. யாராவது கை வைத்துவிடுவார்கள் என்று தினமும் பையில் தூக்கிக்கொண்டே அலைந்தாள். சுத்தப் பிரதியில்கூட ஒரு நகல் எடுத்து வைத்திருந்தாள். ஆனால் இப்போது பையை மடியில் இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"அதென்ன ஒன்பதாம் நாள்? குடைக்காரர் கேட்டாரா?"

"ஆமா."

பிலோமி எழுந்துவிட்டாள். "இப்பப் புரியுது. என்ன திருத்தணுமாம் அவங்களுக்கு? என் வீடு எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியும், டீச்சர். கரை உடைஞ்சா முதல்ல போறது என் வீட்டுச் சுவர்தான். நீங்களுமா?"

"சந்தேகப்படு. வேண்டாங்கல. உக்காந்து சந்தேகப்படு."

பிலோமி உட்காரவில்லை. கதவு தாழிட்டிருக்கிறதா என்று பார்த்தாள். திறந்துதான் இருந்தது. குழந்தையையும் பார்த்தாள். அது பாட்டிலோடு தூங்கிப்போயிருந்தது. அப்புறம்தான் உட்கார்ந்தாள், பெஞ்சின் விளிம்பில்.

"சுத்தப் பிரதியை முதல்ல படி."

படித்தாள். "மேற்கு வரிசை உறுப்பினர்: கரை உடைந்தால் யார் பொறுப்பு? கிழக்கு வரிசையில் கூச்சல். மேற்கு வரிசை உறுப்பினர்: எங்கள் குழந்தைகள் உயிர் உங்களுக்கு விளையாட்டா? கிழக்கு வரிசையில் கூச்சல். மேற்கு வரிசை உறுப்பினர்: பதில் சொல்ல ஆள் இல்லையா? கிழக்கு வரிசையில் கூச்சல். சபை ஒத்திவைக்கப்பட்டது."

"மேற்குல யாரும் கூச்சல் போடலையா?"

"போட்டாங்க. ஆனா அவங்க கேட்டது நியாயம். அதனால..." பிலோமி நிறுத்திவிட்டாள்.

"சுருக்கெழுத்தை எடு."

"கோடெல்லாம் ஆறிப்போயிருக்கும், டீச்சர். பதிமூணு நாளாச்சு."

எழுதிய அன்றே படித்தால் சுருக்கெழுத்து பேசும். நாளானால் கோடு வெறும் கோடாகிவிடும். இதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே டீச்சர்தான்.

"ஆறின கோட்டை எழுதினவதான் படிக்க முடியும்," என்றாள் டீச்சர். "என்னால முடியாது. குடைக்காரராலயும் முடியாது. உன்னை ஏமாத்தணும்னா நீயேதான் ஏமாத்திக்கணும்."

பிலோமி நோட்டைத் திறந்தாள். கோடும் கொக்கியும் புள்ளியுமாக, அவசரத்தில் சாய்ந்த வரிகள். மேற்கு வரிசை பேசியதைச் சரளமாகப் படித்தாள். கீழே இறங்கினாள். விரல் நின்றது.

"ப... பன்னி... பன்னிரண்டு." மறுபடி முதலிலிருந்து வந்தாள். "பன்னிரண்டு நாள். பன்னிரண்டு நாள் குடுங்க. அறுத்து முடிச்சதும்... நாங்களே... ம... மதகு..."

நோட்டை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். யாராவது அழித்து எழுதியிருக்கிறார்களா என்று காகிதத்தைச் சாய்த்துப் பார்த்தாள். நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். அவளுடைய பென்சில்தான். அவளுடைய கைதான். ஓரத்தில் ஒரு சின்ன வளைவு. கிழக்கு வரிசைச் சுயம்புலிங்கத்துக்கு அவள் போடும் அடையாளம்.

"பன்னிரண்டு நாள் குடுங்க. அறுத்து முடிச்சதும் நாங்களே மதகைத் திறக்கறோம்," என்று முழுவதுமாகப் படித்தாள்.

நோட்டை டீச்சர் பக்கம் திருப்பினாள்.

"என் கை எழுதியிருக்கு, டீச்சர்."

"நீ?"

"நான் கூச்சல்னு போட்டிருக்கேன்."

விரலை மடக்கி எண்ணினாள். ஒன்பதும் பன்னிரண்டும். இருபத்தொன்று. "நேத்தோட முடிஞ்சிருக்கும்."

"ம்."

"அவர் ஏன் மறுபடி சொல்லல?"

"அன்னைக்குச் சாயங்காலம் வயல்ல அவங்க ஆளுங்ககிட்டச் சொல்லியிருக்கார். எப்பய்யா சொன்னே, எங்க காதுல விழலையேன்னு கேட்டாங்களாம். குறிப்பைப் போய்ப் பாருங்கன்னு சொல்லியிருக்கார். போய்ப் பார்த்திருக்காங்க."

பிலோமி நோட்டை மூடினாள்.

"பொய்க்காரன்னு பேரு வச்சுட்டாங்க. எழுதறவ மேற்கோட கையாள்னு அவர் சொல்றார். இல்ல, அவ பயந்த பொண்ணு, அவ்வளவுதான்னேன். நம்பல. நானும் உன் கூட்டுன்னுட்டு வேகமா எந்திரிச்சுப் போனார். குடையை மறந்துட்டார்."

தூங்கும் குழந்தையின் கையிலிருந்து பிலோமி பாட்டிலை எடுத்துப் பையில் வைத்தாள்.

சபையின் விதி இருவருக்கும் தெரியும். எழுதுகிறவர் சபையில் வாய் திறக்கக் கூடாது. ஒன்றுக்கு மட்டும் அனுமதி. தான் எழுதியதில் தவறு கண்டால், எழுந்து நின்று, தவறு தன்னுடையது என்று சொல்லி, சரியானதைப் படிக்கலாம். யாரும் படித்ததாகக் குறிப்பில் இல்லை.

"நான் எந்திரிச்சா கிழக்கு என்னை இழுத்துட்டதுன்னு எங்க தெருவே சொல்லும்."

"சொல்லும்."

"கரைமேல எங்க ஆளுங்கதான் உக்காந்திருக்காங்க. கசிவு அதிகமானா முதல்ல என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவாங்க. தட்டாம விட்டுட்டா?"

டீச்சர் குழந்தைப் பக்கம் பார்த்தாள்.

"கிழக்கும் நம்பாது. இது என்ன புதுசா ஒரு வலைன்னு பார்ப்பாங்க."

"பார்ப்பாங்க."

"பின்னே எதுக்கு, டீச்சர்? நீங்க எப்பவாவது எந்திரிச்சிருக்கீங்களா?"

டீச்சர் மேசையிலிருந்து இரண்டு பென்சிலை எடுத்துச் சீவத் தொடங்கினாள். ஒவ்வொன்றையும் இரண்டு முனையிலும் சீவினாள். தூளை ஊதினாள்.

"இல்ல," என்றாள். "அதான் இங்க உக்காந்திருக்கேன்."

பென்சில்களை நீட்டினாள். "ரெண்டையும் எடுத்துட்டுப் போ. ஒண்ணு உடையும். அந்தக் குடையையும் எடுத்துக்கோ."

மறுநாள் சபை தொடங்கும் முன் பிலோமி குடையைச் சுயம்புலிங்கத்திடம் கொடுத்தாள். அவர் உடனே வாங்கவில்லை. "உள்ள என்ன வச்சிருக்கே?" என்றார். விரித்து, தலைகீழாக்கி, இரண்டு தடவை உதறினார். ஒன்றும் விழவில்லை. அதற்கும் முகம் சுளித்தார்.

மேற்கு வரிசையில் பதினாறு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மணி அடித்தது. பிலோமி எழுந்து நின்றாள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"மாண்புமிகு சபாநாயகர் அவர்களே. ஒன்பதாம் நாள் குறிப்பில் ஒரு தவறு. தவறு என்னுடையது."

படித்தாள். ஒரே ஒரு வரி.

இரண்டு வரிசையும் ஒன்றாக எழுந்தது.

பிலோமி உட்கார்ந்தாள். நோட்டைப் புரட்டினாள். முதல் பென்சில் மூன்றாம் பக்கத்தில் உடைந்தது.

சாயங்காலம் பிலோமி டீச்சர் வீட்டுக்குப் போனாள். குழந்தை இடுப்பில். டீச்சர் டம்ளரில் பால் கொடுத்தாள். பிலோமி அதை முகர்ந்து பார்த்தாள். நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தாள். குழந்தைக்குக் கொடுத்தாள்.

"படிச்சியா?"

"படிச்சேன்."

"கேட்டாங்களா?"

"எங்க, டீச்சர்? கூச்சல் போட்டாங்க. இந்தத் தடவை ரெண்டு பக்கமும். ஒத்திவச்சாச்சு."

"என்ன சொல்லி?"

பிலோமி பையைத் திறந்தாள். நோட்டை எடுத்தாள். கோடுகள் இன்னும் ஆறவில்லை.

"மேற்கு: குடையைக் குடுக்கும்போதே நினைச்சேன்."

"ம்."

"கிழக்கு: இத்தனை நாள் எங்கேம்மா ஒளிச்சு வச்சிருந்தே? மேற்கு: இவளைத் தூக்குங்க முதல்ல. கிழக்கு: ஆமா, தூக்குங்க."

"அதுலயாவது ஒத்துப்போனாங்களே. மேல படி."

"சுயம்புலிங்கம்: சொன்னேன்ல. சொன்னேன்ல. சொன்னேன்ல."

"மூணு தடவையா?"

"மூணு. மேற்கு: சொன்னவன் ஏன்யா அறுக்கல? கிழக்கு: அறுக்கறவனெல்லாம் மதகுல காவல் கிடக்கான், எவன் அறுப்பான்? கதிர் தானா உதிருது. மேற்கு: எங்க ஆளுங்க மட்டும் கரைமேல என்ன, காத்து வாங்கவா உக்காந்திருக்காங்க?"

பிலோமி பக்கத்தைத் திருப்பினாள். நின்றாள்.

"படி."

"அறுக்க எத்தனை அரிவாள் வேணும்?"

டீச்சர் நிமிர்ந்தாள். "யார் கேட்டது?"

"தெரியல, டீச்சர்."

"எந்தப் பக்கம்?"

"பார்க்கல. எழுதிட்டே இருந்தேன்."

டீச்சர் சுத்தப் பிரதிக் காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"ஓர் உறுப்பினர்னு போடு."