பிடிமலையின் குளம்புத் தடம்

பிடிமலை நாட்டில் மந்திகளும் மிளா மான்களும் மலை அணில்களும் ஒன்றாக வாழ்ந்தன. வாழ்ந்தன என்று சொல்வது கொஞ்சம் கூடுதல்தான். பலாவும் நாவலும் பழுக்கிற காலத்தில் மட்டும் வாழ்ந்தன. முதல் மழைத்துளி மூக்கில் விழுந்ததும், மூட்டை கட்டாத குறையாக அடிவாரத்துக்கு ஓடிவிடும்.

சின்ன நாடு. காலையில் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் ஒரு சுற்று வந்துவிடலாம். நடுவில் ஓர் ஊற்று. அந்த ஊற்றுக்கு ஒரு வழக்கம் இருந்தது. பழக்காலம், மழைக்காலம், பனிக்காலம், பூக்காலம் ஆகிய நான்கு பருவத்திலும் நாட்டாரில் ஒருவருடைய காலடியாவது ஊற்றங்கரைச் சேற்றில் இருக்க வேண்டும். பருவத்தின் கடைசி நாள் காலையில் ஊற்றுத் தவளை வந்து பார்க்கும். தடம் இல்லையென்றால், முதலில் வந்து கேட்பவருக்கு நாடு போய்விடும். தவளை சாட்சி என்பதால் அதன் தடம் செல்லாது.

இத்தனை வருடமும் ஒரு கிழட்டு முள்ளம்பன்றிதான் மலையிலேயே கிடந்து தடம் பதித்து வந்தது. அதற்கு யாரும் ஒரு நன்றிகூடச் சொன்னதில்லை. இந்தப் பழக்காலத்தில் அது செத்துப்போனது. எல்லாம் இரண்டு நாள் அழுதுவிட்டுப் பலாச்சுளைக்குத் திரும்பிவிட்டன.

மழை வந்தது. வழக்கம்போல எல்லாம் இறங்கின. செவத்தி என்ற சருகுமானும் இறங்கியது. சருகுமான் என்றதும் பெரிய கொம்புள்ள மானை நினைத்துவிடாதீர்கள். அது முயலைவிடக் கொஞ்சம்தான் பெரியது. ஓர் இலை விழுந்தாலே துள்ளி ஓடும்.

அடிவாரப் புதருக்குள் காட்டுப்பன்றித் தலைவன் கோரையன் தன் கூட்டத்திடம் பேசுவது செவத்தியின் காதில் விழுந்தது.

“முள்ளம்பன்றி போய்ச் சேந்துட்டான்! இனி மேல ஒரு காலடி கிடையாது. இந்த மழையில நனைய எனக்கென்ன பைத்தியமா? பனிக்காலக் கடைசியில சாவகாசமா ஏறுவோம். மலை நமக்குத்தான்!”

செவத்தி உடனே மந்தித் தலைவன் கருவாயனிடம் ஓடிப்போய்ச் சொன்னது.

“அட போ தங்கச்சி!” என்று சிரித்தது கருவாயன். “மழையில அட்டை, பனியில விறைப்பு. பழம் இல்லாத மலையில யாருக்கு என்ன வேலை? பன்றி சும்மா உறுமும். அதையெல்லாம் நம்பிக்கிட்டு!”

“அப்ப நான் போறேன் அண்ணே.”

“நீயா! என் வால் நீளம்கூட நீ இல்லியே!”

“இருக்கட்டும். எனக்கும் நாலு குளம்பு இருக்கு.”

அது திரும்பி நடந்தது. பயமாகத்தான் இருந்தது. பயந்துகொண்டேதான் ஏறியது. ஆனால் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

முதல் நாளே கால்களில் ஒன்பது அட்டைகள் ஏறின. இரண்டாம் நாள் அழுதது. மூன்றாம் நாள், மொட்டைப் பாறை மேல் நின்றால் அட்டை வராது என்று கண்டுகொண்டது. அந்தப் பாறையில் நின்று சுற்றிப் பார்த்தது. பழக்காலத்தில் வெறும் கல்லாகக் கிடந்த இடங்களில் எல்லாம் வெள்ளை வெள்ளையாய்த் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. பதினொரு அருவிகள்!

“தவளையக்கா, இது நம்ம மலைதானா?”

“வருஷா வருஷம் இப்படித்தான்டி. நீங்கதான் இருக்கிறதில்ல!”

அன்றிலிருந்து செவத்தி காளான் தின்றது. ஒவ்வோர் அருவியாய்ப் போய்ப் பார்த்தது. மழைக்காலம் எப்படிப் போனதென்றே தெரியவில்லை. கடைசி நாள் தவளை வந்து பார்த்தபோது, சேற்றில் செவத்தியின் தடம் இருந்தது.

பனிக்காலம் வந்தது. விடிந்தால் புல்லெல்லாம் உப்புத் தூவியதுபோல் வெளுத்திருக்கும். கீழே எங்கும் மேகம், மேலே பிடிமலை மட்டும். பல் கிடுகிடுத்தாலும் செவத்தி அதைப் பார்ப்பதற்கென்றே முன்னதாக எழுந்தது. சாயங்காலம் கால் புதைகிற சேறு, காலையில் கல்லாகிக் கிடக்கும். வெயில் ஏறினால்தான் இளகும். அதன் மேல் டக் டக்கென்று நடப்பது செவத்திக்குப் பிடித்த விளையாட்டு.

பனிக்காலம் முடிய ஒரே நாள் இருந்தது. அன்று மாலை கோரையன் தன் கூட்டத்தோடு ஏறி வந்தது. செவத்தி ஓடிப்போய்ப் புதரில் பதுங்கியது.

“இதென்ன! சுண்டுவிரல் மாதிரி ஒரு தடம்!” என்று உறுமியது கோரையன். “எவனோ இருக்கான்! எல்லாரும் புரளுங்கடா!”

இருபது பன்றிகள் சேற்றில் விழுந்து புரண்டன. ஒரு தடம் மிச்சமில்லை.

“விடிஞ்சதும் எழுந்து இன்னொரு தடவை புரண்டுட்டா, வேலை முடிஞ்சுது!” என்று சொல்லிவிட்டுக் கோரையன் போய்ப் பாறையிடுக்கில் படுத்தது. ஏறி வந்த களைப்பில் கூட்டம் முழுவதும் சுருண்டுகொண்டது.

வெளிச்சம் மங்கும் வரை செவத்தி மூச்சுக்கூட விடவில்லை. பிறகு மெல்ல வந்தது. சேற்றின் நடுவில், நான்கு குளம்பும் நன்றாகப் புதையும்படி அழுத்தி நின்றது.

“ஐயோ, காலையில அழிச்சிருவாங்களேடி!” என்றது தவளை.

“அழிக்கட்டும் அக்கா, பாப்போம். அவங்க இங்க ஒரு விடியலையும் பாத்ததில்ல. நான் தினமும் பாக்கறேன்.”

விடிந்தது. மலை முழுக்க வெளுத்துக் கிடந்தது. கோரையன் பாய்ந்து வந்து சேற்றில் விழுந்தது.

“ஐயோ, என் இடுப்பு!”

சேறு எங்கே இருந்தது? கல்லல்லவா கிடந்தது! மூக்கால் கிளறியது, மூக்குத்தான் கன்றியது. கூட்டமே மிதித்தது, குளம்புகள் வழுக்கி ஒன்றன் மேல் ஒன்று விழுந்தன. செதுக்கி வைத்ததுபோல நான்கு சின்னத் தடங்கள் அப்படியே இருந்தன.

தவளை குதித்து வந்து பார்த்தது. “தடம் இருக்கு! நாடு நாட்டாருக்கே!” என்று மலை அதிரக் கத்தியது.

“எங்க தடமும் இருக்கே!” என்றது கோரையன்.

“நாட்டார் தடம் ஒண்ணு இருந்தா, வேற எவன் தடமும் செல்லாது. இறங்குங்கடா!”

பன்றிகள் நொண்டிக்கொண்டே இறங்கின. செவத்திக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

பிறகு பூக்காலம். இலவமரத்தடி முழுவதும் சிவப்பாய்ப் பூக்கள் கொட்டிக் கிடந்தன. செவத்தி வயிறு முட்டத் தின்றது. அங்கே பங்குக்கு வர யாருமில்லை என்பதுதான் அதற்கு வருத்தம்.

பலா மணத்ததும் கருவாயன் முதல் ஆளாய் ஓடிவந்தது. தவளை நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னது. கருவாயனின் கையில் இருந்த சுளை வாய்க்குப் போகவில்லை.

“தங்கச்சி,” என்றது கடைசியில், “வர்ற மழைக்கு நானும் இங்கேயே இருக்கேன். அட்டை ரொம்பக் கடிக்குமா?”

“கடிக்கும் அண்ணே! ஆனா பதினொரு அருவி இருக்கு. வாங்க, எல்லாத்தையும் காட்டறேன்!”

இனிக்கிற நாளில் மட்டும் வந்து போகிறவர்கள் ஒரு நாட்டுக்கு விருந்தாளிகள். எல்லாப் பருவத்திலும் அதன் கூடவே இருந்து ரசிப்பவர்களே அதற்குச் சொந்தக்காரர்கள்.