மண்டையன் வாயில் கல்

அந்தக் காலத்தில் மீன்கள் பேசும். கொஞ்சநஞ்சப் பேச்சு இல்லை. தண்ணீருக்கு மேலே தலையை நீட்டி ஊர் வம்பு முழுவதையும் கேட்கும். பதிலுக்குக் குளத்து வம்பையும் சொல்லும். தூண்டில்காரர்கள் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டுதான் தொழிலுக்குப் போவார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்போது கடலோர ஊர் ஒன்றுக்குக் குமுதவல்லி என்பவள் வாழ்க்கைப்பட்டு வந்தாள். அவள் புருஷன் நல்லபெருமாளும் அவன் அண்ணனும் கப்பலில் சரக்கு ஏற்றிக்கொண்டு போகிறவர்கள். போனால் ஆறு மாதம். வீட்டில் மிஞ்சியது அண்ணன் பெண்டாட்டி பூரணியும் இவளும்தான்.

பூரணிக்கு அந்த அடுப்படியில் பத்து வருஷப் பழக்கம். உப்புச்சாடி இருக்கும் மாடம், உலக்கை சாத்தும் மூலை, முறம் தொங்கும் ஆணி, எல்லாம் அவளுடையவை. குமுதவல்லி ஒரு கரண்டியைத் தொட்டால் போதும்.

"அது அங்கதானே இருந்துச்சு? யார் நகத்தச் சொன்னா?"

பாவம் குமுதவல்லி. எங்கே உட்கார்ந்தாலும் அது பூரணியின் இடமாக இருந்தது. அதனால் அவள் உட்காரவே இல்லை. வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்தாள். கோலத்தை அழித்து மறுபடி போட்டாள். மடித்த துணியை உதறி மறுபடி மடித்தாள். காலுக்குக் கீழே நெருப்புத் துண்டு கிடப்பது போல அப்படி ஓர் இருப்புக்கொள்ளாமை.

இவள் படும் பாட்டைப் பார்த்து, நல்லபெருமாள் ஒரு பயணத்தில் கண்ணாடித் தொட்டி ஒன்றும் மீன் ஒன்றும் கொண்டுவந்தான். கடல் தாண்டி எங்கேயோ ஒரு நன்னீர் ஏரியில் பிடித்த மீன். முழங்கை நீளம், சிவந்த கண், நெற்றியில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு புடைப்பு. பார்த்த உடனே குமுதவல்லி அதற்கு மண்டையன் என்று பெயர் வைத்துவிட்டாள்.

கூடத்தில் தொட்டியை வைத்துக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினார்கள். இடது பக்கம் கற்களை அடுக்கிக் குகை மாதிரி செய்தார்கள். நடுவில் கூழாங்கல் குவியல், வலது ஓரத்தில் ஒரு தட்டைக்கல். அந்த நாளில் மண்டையன் அசையாத மீன். குகை வாசலில் மிராசுதார் மாதிரி மிதந்துகொண்டு பேச மட்டும் செய்வான். அந்த வீட்டில் குமுதவல்லியைப் பார்த்து "சாப்டியா?" என்று கேட்ட ஒரே ஜீவன் அவன்தான். அவன் குரலைக் கேட்டால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

ஆனால் மண்டையனுக்கும் ஒரு குறை இருந்தது.

"குமுதம், நீ அடுப்படிக்குப் போயிட்டா எனக்கு யாரு இருக்கா? ஒரு துணை வேணும்."

நல்லபெருமாள் அடுத்த பயணத்தில் அதே இனத்தில் ஒன்று கொண்டுவந்தான். காலையில் தொட்டியில் விட்டார்கள், உச்சிவேளைக்குள் செத்து மிதந்தது. அதற்கடுத்த பயணத்தில் வந்தது ஒரு பொழுது தாங்கியது. அடித்துக் கொன்றுவிட்டு மண்டையன் விசும்புவான்.

"நான் என்ன செய்யட்டும்? அது என் குகைப் பக்கம் வந்துச்சு."

"தொட்டியில எல்லாப் பக்கமும் உன் குகைப் பக்கம்தாண்டா!"

"தெரியுது குமுதம். ஆனா அந்தக் கல்லுங்களைப் பார்த்தா எனக்கு மண்டைக்குள்ள என்னமோ ஏறுது."

மூன்றாம் முறை நல்லபெருமாள் ஒரு சிறிய பீப்பாயோடு வந்து இறங்கினான். உள்ளே ஒரு பெட்டை மீன், மண்டையனில் பாதிகூட இருக்காது.

"அந்த ஏரி வத்திப்போச்சு. இதுதான் கடைசி. இதுவும் செத்தா உன் மண்டையனுக்கு இந்த உலகத்துல வேற ஆள் கிடையாது. பீப்பாயிலயும் ரொம்ப நாள் வைக்க முடியாது, மூச்சு முட்டிடும்" என்று சொல்லிவிட்டு அவன் துறைமுகத்துக்கு ஓடினான்.

குமுதவல்லி பீப்பாயை எட்டிப் பார்த்தாள். பெட்டை மேலே வந்து வாயைப் பிளந்து மூச்சு வாங்கியது.

"நான் எங்கே இருக்கட்டும்?" என்று கேட்டது.

குமுதவல்லிக்குப் பகீரென்றது. வாழ வந்த நாளிலிருந்து அவள் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்த கேள்வி அது. இதைச் சாக விடக் கூடாது என்று அப்போதே தீர்மானித்துவிட்டாள்.

"சத்தியமா அடிக்க மாட்டேன்" என்றான் மண்டையன். ஆனால் பெட்டையை ஒரு செம்பில் மொண்டு கண்ணாடிக்குப் பக்கத்தில் காட்டியதுமே அவன் செவுள் விரிந்துவிட்டது. தொட்டி அதிர முட்டினான். குமுதவல்லி செம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். இரண்டு நாள் அவள் பீப்பாய்க்கும் தொட்டிக்கும் இடையே நடந்து தேய்ந்தாள். பெட்டை நீந்துவதை நிறுத்திவிட்டது. வாய் மட்டும் அசைந்தது.

மூன்றாம் நாள், பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆட்கள் வந்தார்கள். கண்ணாடித் தொட்டி தவிர வீட்டுச் சாமான் மொத்தமும் முற்றத்தில் வந்து விழுந்தது. அண்டாவுக்குள் முறம், உரலுக்கு மேல் தலையணை, எது எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. வேப்பமரத்தடியில் மூன்று செங்கல் வைத்து உலை ஏற்றினார்கள். பூரணி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"குமுதா, உப்பு எங்கடி கெடக்கு?"

வாழ வந்த ஆறு வருஷத்தில் பூரணி அவளிடம் அதட்டாமல் கேட்ட முதல் கேள்வி அது.

"தெரியலையேக்கா. நீங்க அந்தப் பக்கம் தேடுங்க, நான் இந்தப் பக்கம் பாக்குறேன்."

தேடினார்கள். அம்மிக்குப் பின்னால் அகப்பட்டது. அன்றைக்கு முழுவதும் சண்டை இல்லை. எப்படி வரும்? சண்டை போட யாருக்கும் ஓர் இடம் இல்லையே. இது உறைத்ததும் குமுதவல்லி கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். பிறகு கரண்டியைப் போட்டுவிட்டுக் கூடத்துக்கு ஓடினாள்.

"மண்டையா, சுவத்துக்கு வெள்ளையடிக்கணும். தொட்டியை நகத்தணும். கொஞ்ச நேரம் அண்டாவுல இரு."

"என் கல்லெல்லாம் அப்படியே இருக்கும்ல?"

குமுதவல்லி ஒரு கணம் அவன் முகத்தைப் பார்த்தாள்.

"இருக்கும்" என்றாள்.

அவள் அவனிடம் சொன்ன ஒரே பொய் அதுதான். அவனை அண்டாவில் விட்டுவிட்டுத் தொட்டியைக் கலைத்தாள். குகையைப் பிரித்து வேறு மாதிரி வலது பக்கம் அடுக்கினாள். தட்டைக்கல்லை இடது பக்கம் போட்டாள். கூழாங்கல் குவியலை வாரி இறைத்தாள். பிறகு மண்டையனையும் பெட்டையையும் ஒன்றாக உள்ளே விட்டாள்.

மண்டையன் இடது பக்கம் பாய்ந்தான். குகை இல்லை. வலது பக்கம் போனான். அங்கே இருந்தது அவன் குகை இல்லை. மேலும் கீழும் சுற்றினான். பெட்டை அவன் பின்னாலேயே போய்க் கேட்டது.

"நான் எங்கே இருக்கட்டும்?"

"எனக்கே தெரியலையே" என்றான் மண்டையன்.

குமுதவல்லிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சாயந்தரம் வரை இரண்டும் சேர்ந்து அலைந்தன. ஒரு செதில்கூட உதிரவில்லை. வெயில் தாழும்போது பெட்டை தட்டைக்கல்லின் மேல் ஓய்ந்து படுத்தது. மண்டையன் அதன் பக்கத்தில் நின்றான். பிறகு கண்ணாடி ஓரம் வந்தான்.

"குமுதம், நீதானே மாத்துனே?"

"ஆமா."

"இருக்கும்னு சொன்னியே."

"அது பொழைக்கணும்லடா."

மண்டையன் திரும்பி, கலைந்து கிடந்த கற்களைப் பார்த்தான். கோபம் இல்லை அவன் முகத்தில், கோபமாக இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

"எல்லாக் கல்லையும் பழைய இடத்துல வெச்சுட்டு வரேன். அப்புறம் பேசலாம்" என்று சொல்லி, ஒரு கூழாங்கல்லை வாயில் கவ்விக்கொண்டு போனான்.

அவன் பேசிய கடைசிப் பேச்சு அது. வாயில் கல் இருந்தால் எப்படிப் பேசுவது? அவன் ஒரு கல்லை இந்தப் பக்கம் வைத்தால், வரப்போகும் குஞ்சுகளுக்குக் குழி பறிக்கிறேன் என்று பெட்டை அதை அந்தப் பக்கம் தள்ளியது. வேலை முடியவே இல்லை. விஷயம் கேள்விப்பட்ட மற்ற மீன்களும், மனுஷ வாக்கை நம்பி இனிமேல் வாயைத் திறப்பதில்லை என்று ஒதுங்கிக்கொண்டன.

குமுதவல்லி தொட்டிக்கு முன்னால் நின்றபடியே காத்திருந்தாள். "சாப்டியா" என்ற அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தாள். ஒருநாள் அடுப்படியிலிருந்து பூரணி மணையை எடுத்துவந்து அவள் பக்கத்தில் போட்டாள்.

"எவ்வளவு நேரம்டி நிப்பே? உக்காரு. சாப்பிட்டியா இல்லையா?"

குமுதவல்லி உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

தட்டைக்கல்லின் மேல் முட்டைகள் பொரிந்து குஞ்சுகள் நூறு நூறாகப் பெருகின. ஊர்க்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் வாங்கிப்போய் வளர்த்தார்கள். குஞ்சோடு குமுதவல்லி சொல்லிக்கொடுத்த பக்குவமும் வீடு வீடாகப் போனது.

அன்று முதல்தான் இந்தச் சண்டைக்கார மீன்களை வளர்ப்பவர்கள், புது மீன் ஒன்றை விடுவதற்கு முன் தொட்டிக் கற்களை எல்லாம் கலைத்து மாற்றி வைக்கிறார்கள். அன்று முதல்தான் அந்த மீன்களும் ஓயாமல் கல்லைக் கவ்விக்கொண்டு அலைகின்றன. எப்போதாவது ஒன்று கல்லைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடி ஓரம் வந்து, நம் முகத்தைப் பார்த்து வாயைத் திறக்கும். நாமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். அதற்குள் இடம் தவறிக் கிடக்கும் இன்னொரு கல் அதன் கண்ணில் பட்டுவிடும்.