வண்டியில் ஏறாத ஒன்று

இந்தக் கதை எனக்கு நேராகத் தெரிந்ததல்ல. கல்லூரி விடுதியில் அறைத்தோழன் சொன்னான். அவனுக்கு அவன் சித்தப்பா சொன்னாராம். சித்தப்பாவுக்குச் சொன்னது யார் என்று கேட்டதற்கு, "கதை கேட்கிறாயா, சாட்சி விசாரிக்கிறாயா?" என்று சிரித்தான். அதனால் கேட்டபடியே எழுதுகிறேன்.

செவ்வந்திக்கோட்டையை இரணசிங்க பூபதி ஆண்ட காலம். பொருள் சேர்ப்பதில் அவருக்கு அடங்காத ஆசை. துறைமுகத்தில் கப்பல் நின்றால் போதும், அரண்மனை வண்டிகள் கிளம்பிவிடும். நிலைக்கண்ணாடி, சரவிளக்கு, பாடம் செய்த புலி, நாலைந்து சுவர்க் கடிகாரங்கள் என்று எல்லாம் வரும். கடிகாரங்களுக்குச் சாவி கொடுக்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள்; சரியான நேரம் வைக்கத்தான் ஆளில்லை. அரண்மனையில் எப்போதும் ஏதாவது ஒன்று பன்னிரண்டு அடித்துக்கொண்டிருக்கும். மத்தியானம் ராஜா கண்ணயரும் கிழக்கு மண்டபத்தில் இவையெல்லாம் நெருக்கியடித்து நின்றன. கட்டிலுக்குப் போய்ச் சேர்வதற்குள் ராஜாவின் கால்விரல் தினமும் எதிலாவது இடித்துக்கொள்ளும்.

அவருடைய மந்திரி இன்னாசி வேறு மாதிரி. அவர் கிறிஸ்தவர். ஓர் அறை வீடு. இரண்டு பாய், ஒரு பானை, சுவரில் ஒரு மரச்சிலுவை. அவரும் மனைவி பிரகாசியும் தவக்காலம் தொடங்கும் ஒரு சாம்பல் புதனன்று கோயிலில் வாக்குக் கொடுத்திருந்தார்கள்: தேவைக்கு மேல் எதையும் வைத்துக்கொள்வதில்லை. மிஞ்சுவது இல்லாதவர்களுக்குப் போகும். ஊருக்கே இது தெரியும். இன்னொரு மந்திரியான சிங்காரவேலருக்கு நன்றாகவே தெரியும்.

ஒருநாள் சபையில் சிங்காரவேலர் எழுந்தார். குரலில் தேன் வழிந்தது.

"மகாராஜா, நம் இன்னாசி இப்படி வெறும் வீட்டில் இருக்கலாமா? பார்ப்பவர்கள் தங்களையல்லவா கஞ்சன் என்பார்கள்!"

ராஜாவுக்குச் சுருக்கென்றது. "என்ன செய்யலாம்?"

"கிழக்கு மண்டபத்தில் இருப்பதை எல்லாம் இவருக்கு வெகுமதியாகக் கொடுத்துவிடலாம். தங்களுக்குத்தான் அடுத்த கப்பலில் புதிது வருகிறதே. ஒன்றே ஒன்று, ராஜ வெகுமதிக்கு மரியாதை வேண்டும். விற்கக் கூடாது, பிறருக்குக் கொடுக்கக் கூடாது. ஒரு துரும்பு குறையாமல் இவர் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். தவறினால் நாட்டை விட்டுப் போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்!" என்றார் ராஜா.

இன்னாசி யோசித்தார். மறுத்தால் ராஜ நிந்தனை. நாட்டை விட்டுப் போக வேண்டும். வாங்கிக்கொண்டு அந்தக் கட்டிலில் படுத்தால் ஆண்டவருக்குக் கொடுத்த வாக்கு போய்விடும். கும்பிட்டுவிட்டு வீடு திரும்பினார். அவருக்கு முன்பே வண்டிகள் வந்து நின்றன.

கட்டிலைக் கழற்றித்தான் உள்ளே கொண்டுபோக முடிந்தது. அதன் மேல் மேசை, மேசை மேல் கண்ணாடி. கடைசியாக வந்த புலி வாசலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது. பிரகாசி பானையோடு தெருவில் நின்றாள்.

"என்னங்க, புலிக்கு இடம் கிடைச்சிருச்சு. நமக்கு?"

"ஏளனம் பண்ணாதே பிரகாசி. எனக்கு ஒன்றும் ஓடவில்லை."

"இத்தனையும் அங்கே எங்கே இருந்துச்சு?"

"கிழக்கு மண்டபத்தில்."

"இப்போ அங்கே என்ன இருக்கு?"

"ஒன்றுமில்லை."

சொல்லிவிட்டு இன்னாசி அவள் முகத்தைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மத்தியானம் ராஜா சாப்பிட்டுவிட்டுக் கிழக்கு மண்டபத்துக்கு வந்தார். பின்னாலேயே வெற்றிலைத் தட்டோடு சிங்காரவேலர். வாசலில் இருவரும் அப்படியே நின்றுவிட்டார்கள். நடு மண்டபத்தில் பாய் விரித்து இன்னாசி படுத்திருந்தார். மூலையில் பானை. யானைத் தந்தம் மாட்டியிருந்த ஆணியில் மரச்சிலுவை. பிரகாசி குளத்துப் பக்கத்துச் சன்னலைத் திறந்துகொண்டிருந்தாள்.

"என்ன துணிச்சல்!" என்று கத்தினார் சிங்காரவேலர். "வெகுமதியை எங்கே ஐயா தொலைத்தீர்?"

இன்னாசி எழுந்து கைகட்டி நின்றார். "ஒரு துரும்பு குறையாமல் என் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. நானும் அங்கே இருக்க வேண்டும் என்று கட்டளையில் இல்லையே."

ராஜாவின் புருவம் ஏறியது. "அதற்காக? என் மண்டபத்துக்கு எதற்கு வந்தாய்?"

"மகாராஜா, இந்த மண்டபத்தில் இருந்ததை எல்லாம் கொடுத்தீர்கள். ஆனால் எனக்குத் தேவையான ஒன்று மட்டும் வண்டியில் ஏறவில்லை. அதைத் தேடித்தான் வந்தேன்."

"என்ன அது?"

"காலி இடம்."

ராஜா மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்தார். எதிலும் இடிக்கவில்லை. குளத்துக் காற்று வந்தது. ஒரு கடிகாரமும் அடிக்கவில்லை. சட்டென்று இன்னாசியின் பாயில் படுத்தார். சிங்காரவேலர் வெற்றிலை மடித்து நீட்டுவதற்குள் குறட்டை கேட்டது.

சாயங்காலம் எழுந்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னாசி! இதற்கு உனக்குப் பெரிய பரிசு கொடுக்கப் போகிறேன்!"

இன்னாசியின் முகம் வெளுத்துவிட்டது.

"பயப்படாதே. கொடுத்ததை எல்லாம் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். அதுதான் பரிசு. ஆனால் ஒரு சாமானும் இந்த மண்டபத்துக்கு வரக் கூடாது." ராஜா மெல்லத் திரும்பினார். "சிங்காரவேலரே, உம்முடைய வீடு பெரிய வீடுதானே?"

சிங்காரவேலர் ஓரடி பின்னால் போனார்.

"விற்கக் கூடாது, பிறருக்குக் கொடுக்கக் கூடாது. நிபந்தனை உமக்கு மனப்பாடம்தான்."

என் தோழன் சொன்ன கதை இவ்வளவுதான். எனக்கு மனம் கேட்கவில்லை. படிப்பு முடிந்ததும் செவ்வந்திக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். இன்னாசியின் வீடு எது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. சிங்காரவேலர் வீட்டை எல்லாருக்கும் தெரிந்திருந்தது. போய்க் கதவைத் தட்டினேன். உள்ளே எங்கோ பன்னிரண்டு மணி அடித்தது. அப்போது மாலை நாலரை. மொட்டை மாடியிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"பக்கத்துப் படி வழியா மேலே வாங்க தம்பி. எங்க தாத்தா காலத்திலேருந்து எல்லாரும் இங்கதான் படுக்கிறது. உள்ளே புலி இருக்கு."