பத்தாவது செம்பு

ரொம்ப காலத்துக்கு முன்னால் தேனாற்று நாடு என்று ஒரு நாடு. அதை ஆண்டவர் விசித்திரபூபதி என்கிற ராஜா. எதைப் பார்த்தாலும் "ஏன்?" என்று கேட்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. நல்ல மனுஷர்தான். ஆனால் பதில் கிடைக்கும்வரை பக்கத்தில் இருப்பவர்களையும் சாப்பிட விடமாட்டார்.

ஒருநாள் அவர் கேட்டார்: "வாடகைக்கு வரி உண்டு. ஆனால் வாடகை வாங்குகிற ஒருத்தரும் கட்டுவதில்லையே, ஏன்?"

மந்திரி பொறையனார் சொன்னார்: "கைக்குப் போன பிறகு கேட்டால் யார் தருவார், பிரபு? குடியிருப்பவரே வாடகையில் பத்தில் ஒரு பங்கைப் பிடித்து அரண்மனையில் கட்டட்டும். முத்திரைச் சீட்டு வாங்கிக்கொண்டு, மீதி ஒன்பது பங்கை இடத்துக்காரருக்குக் கொடுக்கட்டும்."

ராஜாவுக்குப் பிடித்துப்போனது. பிடித்துக் கட்டாதவர்களின் பொருள் பறிமுதல் என்று ஒரு வாசகத்தையும் சேர்த்துச் சட்டம் போட்டுவிட்டார். சபையில் இருந்த கனகராயருக்கு வயிறு எரிந்தது. கடைவீதியில் பாதி அவருடையது. வரி போகிறதே என்பதைவிட, மந்திரிக்குப் பேர் வருகிறதே என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

இரண்டு வருஷம் போனது. ஒரு காலையில் கனகராயர், செக்கு ஆட்டிப் பிழைக்கும் சிலம்பாயியைச் சபைக்கு இழுத்து வந்தார்.

"பிரபு, இவள் என் இடத்தில் இருக்கிறாள். மாதம் பத்துச் செம்பு எண்ணெய் வாடகை. இருபத்து நாலு மாதமாக ஒரு செம்புகூடப் பிடித்துக் கட்டவில்லை. மந்திரியின் சட்டத்துக்கு மதிப்பு இவ்வளவுதான்! இவள் செக்கைப் பறிமுதல் செய்யுங்கள்."

"ஏன் கட்டவில்லை?" என்றார் ராஜா.

"மாசாமாசம் பத்தாவது செம்பைத் தனியா எடுத்து வெச்சேன், மகாராசா. ஐயாவோட ஆளு அதையும் வண்டியில ஏத்திட்டாரு. கேட்டா, இடத்தைக் காலி பண்ணுன்னாரு. செக்கு போனா நானும் என் மாடும் பட்டினிதான்."

"யார் எடுத்தார் என்று சட்டம் கேட்கவில்லையே! பிடிக்க வேண்டியவள் நீ!" என்றார் கனகராயர். பொறையனார் தலை குனிந்தார். சட்டத்தில் அப்படித்தான் இருந்தது.

ராஜா வாய் திறப்பதற்குள் சிலம்பாயி கேட்டாள்: "இந்தச் சட்டம் எனக்கு மட்டுமா, வாடகைக்கு இருக்கிற எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான்!" கனகராயர் முந்திக்கொண்டார். "எவ்வளவு பெரியவராக இருந்தால் என்ன? வாடகை இடத்தில் என்ன இருக்கிறதோ, அது பறிமுதல்!"

"ஆமாம், இது என் வாக்கு" என்றார் ராஜா.

"அப்படின்னா எனக்கு அடுத்த இடத்துல ஒருத்தர் இருக்காரு, மகாராசா. மாசம் பத்து மூட்டை நெல்லு வாடகை. என் எண்ணெய் போற அதே வண்டியிலதான் பத்தும் போகுது. ஒரு மூட்டைகூட அரண்மனைப் பக்கம் திரும்புனதில்ல."

ராஜா சிம்மாசனத்தின் நுனிக்கு வந்துவிட்டார். "யார் அது? அங்கே என்ன வைத்திருக்கிறார்?"

"கருப்பா, பெருசா ஒண்ணு. என்கிட்ட புண்ணாக்கு வாங்கித்தான் தின்னும்."

"எருமை!"

"இன்னும் பெருசு."

"இரண்டு எருமை!"

"ஒண்ணுதான், மகாராசா. அதுக்கு முகபடாம் உண்டு. விஜயதசமிக்கு நீங்களே அது மேல ஏறி வருவீங்க."

பட்டத்து யானை கோட்டையின் யானைக் கொட்டாரத்தில் நிற்கமாட்டேன் என்று அடம்பிடித்து, கனகராயரின் தோப்பில் போய் நின்று மூன்று வருஷம் ஆகிறது. வாடகை அரண்மனையிலிருந்துதான் போகிறது. அதில் ராஜாவும் வரி பிடித்துக் கட்ட வேண்டும் என்று அரண்மனையில் யாருக்கும் தோன்றவே இல்லை.

"நான் குடியிருப்பவனா!" என்று ராஜா வியந்துபோனார். பிறகு விரல் நீட்டி யோசித்தார். "சரி, என் யானை பறிமுதல். எடுப்பது யார்? நான். யாரிடமிருந்து? என்னிடமிருந்து. சாயங்காலம் அது அதே இடத்தில் நின்று புண்ணாக்குத் தின்னும். இவள் செக்கு போனால் போனதுதான். ஏன் மந்திரி இப்படி?"

"எழுதும்போது குடியிருப்பவர் கையைத்தான் பார்த்தேன், பிரபு. அந்தக் கையை யார் முறுக்குவார் என்று பார்க்கவில்லை. தப்பு என்னுடையது" என்றார் பொறையனார்.

"திருத்தி எழுதும். பத்தாவது பங்கையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும் இடத்துக்காரர் இரண்டு மடங்காகக் கட்ட வேண்டும். கனகராயரே, என் இருபத்து நாலு மூட்டைக்கு நாற்பத்தெட்டு மூட்டையை அரண்மனைக்கு வண்டியில் அனுப்பும். இவளுடைய இருபத்து நாலு செம்புக்கு நாற்பத்தெட்டுச் செம்பு. அதற்கு வண்டி கிடையாது. ஒரு மண்டலம், நாளுக்கு ஒரு செம்பு, கடைவீதி வழியாக உம் தலையில் வர வேண்டும். இனி இவளைக் காலி செய்யச் சொன்னால் உம்மைக் காலி செய்வேன்."

பட்டத்து யானைக்குப் புண்ணாக்குக் கொடுக்கும் உரிமை இனி சிலம்பாயிக்கு மட்டும் என்று அவள் பேரில் பட்டயமும் எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் பட்டு வேட்டியும் தலையில் சும்மாடுமாகக் கனகராயர் நடந்தார். கடைவீதியே வாசலுக்கு வந்து நின்றது. செக்கடியில் மாட்டை நிறுத்திவிட்டு, சிலம்பாயி ரொம்ப மரியாதையாகக் கூப்பிட்டுச் சொன்னாள்:

"ஐயா, மறக்காம முத்திரைச் சீட்டு வாங்கிட்டு வாங்க. இல்லேன்னா என் செக்கைத் தூக்கிருவாங்க!"