புலவர் படித்த காதல் கதை

சிங்கம்பாளையம் ஜமீனில் அந்த வருஷம் எல்லோருக்கும் ஒரே நாவல் பைத்தியம். சிறகு முளைத்த இளவரசனை மீன்காரி ஒருத்தி காதலிக்கும் கதை. அதைப் படித்துக்கொண்டே சமையல்காரி பேச்சாயி சோற்றைத் தீயவிட்டாள்.

"குப்பை! முதல் பக்கத்திலேயே மூடிவிட்டேன். இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? இவளைத் துரத்துங்கள்" என்று குதித்தார் ஆஸ்தானப் புலவர் அருணகிரி. சாம்பாரில் ஒரு கல் உப்புக் குறைந்தாலே இலையைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுகிற மனிதர்.

"புத்தகம் நல்லதென்று நிரூபி. இல்லாவிட்டால் கிளம்பு" என்றார் ஜமீன்தார்.

"நாளைக்கு ஐயா அதைப் படிச்சுக்கிட்டே சாப்பிடட்டும் எஜமான். அது போதும்" என்றாள் பேச்சாயி.

மறுநாள் புலவர் முகத்தைச் சுளித்தபடிதான் புத்தகத்தைப் பிரித்தார். சாம்பார் உள்ளே போனது, ரசம் போனது. பேச்சாயி மறுபடி ஊற்றினாள், அதுவும் போனது.

"சாப்பாடு எப்படி, புலவரே?" என்றார் ஜமீன்தார்.

"அமிர்தம்" என்றார் புலவர், நிமிராமலே.

ஜமீன்தார் ஒரு வாய் வைத்தார், உடனே துப்பினார். எதிலும் ஒரு கல் உப்புக்கூட இல்லை! கூடமே சிரித்து உருண்டது. புலவர் மட்டும் தலையைத் தூக்கவில்லை.

"பாவம், வெட்கப்படுகிறார்" என்றார் ஜமீன்தார்.

"வெட்கமெல்லாம் இல்லை எஜமான்" என்றாள் பேச்சாயி. "அங்கே இளவரசன் சிறகொடிஞ்சு கிடக்கான். அந்த மீன்காரி வந்து சேர்ற வரைக்கும், கை காய்ஞ்சாலும் ஐயா எழுந்திருக்க மாட்டார்!"