புதுசு ஒத்துக்கொள்ளாத மன்னன்

“குதிரை விழுகிற இடத்தில் நீ சிரிக்க வேண்டும். வாய்விட்டு.”

“பாவம், அது செத்துப்போகிறதல்லவா ஐயா? அங்கேயா சிரிப்பது?”

“மன்னருக்கு அதுதான் வேடிக்கைக் கட்டம். முதலில் நீ சிரித்துவிட்டால், பழகிய ஆள் என்று நினைத்துக்கொள்வார். உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன், தம்பி.”

இப்படிப் பரிவாகச் சொன்னவர் தலைமை அமைச்சர் கோடீரனார். கேட்டுக்கொண்டவன் அவைக்கு விகடனாக முந்தின நாள் வந்து சேர்ந்த சாத்தப்பன்.

எந்தக் காலம், எந்த நாடு என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அந்த நாட்டு மன்னனுக்குப் புதுசு எதுவும் ஒத்துக்கொள்ளாது என்பது மட்டும் தெரியும். புதுச் செருப்பைக்கூட ஒரு சேவகன் பத்து நாள் போட்டு நடந்த பிறகுதான் மன்னன் தன் காலில் மாட்டிக்கொள்வான். சாத்தப்பனுக்கு அவன் இட்ட கட்டளையும் அந்த மாதிரிதான்: “நாளை முதல் உன்னிடம் புதியவன் என்ற சாயலே தெரியக் கூடாது. தெரிந்தால் பொழுது சாய்வதற்குள் எல்லை தாண்டிவிடு.”

சாத்தப்பனின் மனைவி அன்று காலைதான் மாட்டு வண்டியில் பாத்திரம் பண்டங்களோடு வந்து இறங்கியிருந்தாள். மூட்டைகளை அவிழ்க்கட்டுமா என்று அவள் கேட்டதற்கு, கொஞ்சம் பொறு என்று சொல்லிவிட்டு வந்திருந்தான்.

அந்த அவையில் ஒரு வழக்கம் உண்டு. தினமும் மன்னன் தன் புலிவேட்டைக் கதையைச் சொன்ன பிறகே மற்ற அலுவல் தொடங்கும். குதிரை விழும் கட்டத்தில் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டும். போன வருடம் அங்கே இருமிய ஒருவர் இன்னும் ஊர் திரும்பவில்லை. சாத்தப்பனுக்கு இது தெரியாது.

மன்னன் கதையைத் தொடங்கினான். சாத்தப்பன் குதிரைக்காகக் காத்திருந்தான். குதிரை வரவில்லை. புலியும் வரவில்லை. ஆறு வயதில் மூங்கில் காட்டுக்குள் வழி தவறியதையும், ஒரு மரப்பொந்துக்குள் ஒடுங்கிக்கொண்டு மழையைப் பார்த்ததையும் மன்னன் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தான்.

சாத்தப்பன் மெல்லத் திரும்பிப் பார்த்தான். சேனாபதி முதல் புலவர் வரை எல்லாத் தலைகளும் ஒரே தாளத்தில் ஆடின. கண்கள் திறந்திருந்தன, அவ்வளவுதான். கோடீரனார் மட்டும் இவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அவையில் கதையைக் கேட்பவன் தான் ஒருவன்தான் என்று சாத்தப்பனுக்கு உறைத்தது. புதியவன் என்று காட்டிக்கொடுக்க இதைவிட வேறென்ன வேண்டும்?

தூணில் சாய்ந்து, கண்ணை மூடி, குறட்டை விட்டான்.

கதை நின்றது. காவலர்கள் இருவர் அவனைத் தூக்கி நிறுத்தினார்கள். என் கதையில் உறங்குகிறாயா என்று மன்னன் கேட்டபோது குரல் நடுங்கியது. கோடீரனார் எழுந்து, எல்லைவரை கொண்டுபோய் விட ஆள் தயாராக இருப்பதாகத் தெரிவித்தார்.

“மகாராஜா, தங்கள் கட்டளையைத்தான் நிறைவேற்றினேன்” என்றான் சாத்தப்பன். “பழையவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்தேன், அப்படியே செய்தேன். அவர்கள் கண்ணைத் திறந்துகொண்டு உறங்குகிறார்கள். எனக்கு அது ஒரே நாளில் வரவில்லை. அந்த ஒரு குறையை மட்டும் பொறுத்தருள வேண்டும்.”

அவை சலசலத்தது. அபாண்டம் என்றார் கோடீரனார்.

“அப்படியானால் புலி இன்று எந்தப் பக்கமிருந்து பாய்ந்தது என்று அமைச்சர் சொல்லட்டும், மகாராஜா.”

கோடீரனார் தயங்கவே இல்லை. “இடப்பக்கப் புதரிலிருந்து, பிரபு. தங்கள் குதிரை அங்கேதான்...” தொண்டை அடைக்க, மேலாடையால் கண்ணை ஒற்றிக்கொண்டார். அதைப் பார்த்ததும் அவை முழுவதும் கண்ணை ஒற்றிக்கொண்டது.

மன்னன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். பிறகு மன்னனின் தோள்கள் குலுங்கின; சிம்மாசனத்தில் சரிந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். எதற்கென்று தெரியாமலே அவையும் சிரித்தது.

தன் முத்துமாலையைக் கழற்றிச் சாத்தப்பன் கழுத்தில் போட்டான். அவனுக்கு அரியணைக்குப் பக்கத்திலேயே ஓர் ஆசனம் போடச் சொன்னான். அரசாங்க வேலை ஏராளம் என்று கோடீரனாரையும் மற்றவர்களையும் வெளியே அனுப்பினான். கடைசி ஆளும் போய்க் கதவு சாத்தியதும், சிரிப்பு அடங்கி, சாத்தப்பன் பக்கம் குனிந்தான்.

“அந்த மழைக் கதையை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. முதலிலிருந்து சொல்கிறேன். இந்தத் தடவை உறங்காமல் கேட்கிறாயா?”