குளவிக்கு ஆப்ஷன் கிடையாது

"நான் எங்கே தப்புப் பண்ணினேன், டீச்சர்?"

சிவசைலம் இதைக் கேட்டுக்கொண்டேதான் மாடிப்படி ஏறினார். உட்காரச் சொல்லும் வரைக்கும்கூடப் பொறுக்கவில்லை மனுஷன்.

பாளையங்கோட்டையில், ஒரு மாடி அறையில், எம்.எஸ்ஸி. விலங்கியல் நுழைவுத் தேர்வுக்குப் பாடம் எடுப்பவள் ஜெபக்கனி. இருபத்தாறு வயசு. கூட்டுறவு வங்கியில் குமாஸ்தாவாக இருக்கும் சிவசைலத்துக்கு நாற்பத்தொன்று. இந்த வயசில் படிக்கக் கிளம்பினால் டீச்சர் தங்கச்சி வயசில்தான் அமைவாள், வேறென்ன செய்ய? அவர் அவளை 'டீச்சர்' என்பார். அவள் அவரை 'அண்ணாச்சி' என்பாள்.

நேற்று ரிசல்ட் வந்திருந்தது. கட்-ஆஃபுக்குக் கொஞ்சம்தான் குறைவு.

அந்தக் 'கொஞ்சம்' இருக்கிறதே, அதுதான் ஆளைக் கொல்லும். ஒரேயடியாகக் கவிழ்ந்திருந்தால் ராத்திரி நிம்மதியாகத் தூங்கியாவது இருப்பார்.

"ரெண்டு தடவை எழுதியாச்சு டீச்சர். புஸ்தகம் எல்லாத்தையும் மூட்டை கட்டி வண்டியில வச்சிருக்கேன். பழைய பேப்பர் கடை ஆறு மணி வரைக்கும்தான். தப்பு எங்கேன்னு மட்டும் சொல்லுங்க. கேட்டுட்டு, மூட்டையை அங்கே போட்டுட்டு வீட்டுக்குப் போயிருதேன். அதோட இந்தப் பைத்தியம் தெளிஞ்சிரும்."

"வீட்ல அக்கா என்ன சொன்னாங்க?"

"'சாப்பிடுதீங்களா'ன்னு கேட்டா. வேற ஒண்ணும் சொல்லல."

அதைச் சொல்லும்போது அவருக்கு அழுகை வந்துவிட்டது. நாற்பத்தொரு வயசு ஆம்பளை டியூஷன் அறையில் அழுவதா என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

ஜெபக்கனி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜன்னல் சட்டத்தின் மேல் மூலையில் ஒரு குளவி, வாயில் ஈர மண்ணோடு வந்து உட்கார்ந்தது. கூடு பாதி கட்டியாகிவிட்டது. கீழ் வீட்டு மருமகள் மாசமாக இருக்கிறாள். குளவி கூடு கட்டினால் வீட்டில் பிள்ளை பிறக்கும் என்பார்கள் அல்லவா, அதனால் அந்தக் கூட்டின் மேல் யார் கையும் படக் கூடாது என்று வீட்டுக்காரம்மாள் உத்தரவு.

"அண்ணாச்சி, அது என்ன பண்ணுது?"

சிவசைலம் ஏறிட்டுப் பார்த்தார்.

"ஆப்ஷன் சொல்லுங்க டீச்சர்."

வாயிலிருந்து வந்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. காது மடல் சூடாகிவிட்டது.

"ஆப்ஷன் இல்ல, அண்ணாச்சி."

"நீங்கதானே ஆப்ஷனை முதல்ல படிக்கச் சொன்னீங்க!"

"பரீட்சைக்குச் சொன்னேன்."

"மைனஸ் மார்க் உண்டா?"

"அதுவும் இல்ல."

சிவசைலம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தோற்றுப்போனவரானாலும் படித்தவர் ஆயிற்றே.

"அது மண் குளவி. கூடு கட்டுது. சிலந்தியைக் கொட்டித் தூக்கிட்டு வந்து, குஞ்சுக்குத் தீனியா உள்ளே அடைக்கும். எதுக்குக் கொட்டுதுன்னு பரீட்சையில வந்துச்சே! ஆப்ஷன் சி, செயலிழக்கச் செய்ய. அந்தக் கேள்விக்கு எனக்கு ஃபுல் மார்க்."

"அப்படியா!" என்றாள் ஜெபக்கனி. "சரி, நான் டீ போட்டுட்டு வாரேன். அது வரைக்கும் பாத்துக்கிட்டு இருங்க."

தடுப்புக்குப் பின்னால் போய்விட்டாள். ஸ்டவ் பற்றவைக்கிற சத்தம் கேட்டது.

என்ன ஜென்மம் இது, என்று நினைத்தார் சிவசைலம். ஒருத்தன் வாழ்க்கையே போச்சென்று வந்து நிற்கிறான், குளவியைப் பார் என்கிறாள். எழுந்து போய்விடலாமா?

போகவில்லை. டீ வரட்டும் என்று இருந்தார்.

குளவி மண்ணை வைத்து அழுத்தும்போது 'ங்ங்' என்று ஒரு ரீங்காரம் வந்தது. பறக்கும்போது வருகிற சத்தம் இல்லை அது, வேறு. வேலை முடிந்ததும் ரீங்காரம் நின்றது.

'வேலை செய்யும்போது எதுக்குப் பாடுது?'

குளவி வெளியே போனது. ரொம்ப நேரம் வரவில்லை. சிவசைலம் ஜன்னலுக்கு வெளியே எட்டி எட்டிப் பார்த்தார். அது திரும்பி வந்தபோது காலிடுக்கில் ஒரு சிலந்தி இருந்தது. கூட்டு வாசலில் திணிக்கப் பார்த்துப் பிடி நழுவி, சிலந்தி கீழே தரையில் விழுந்தது.

சின்ன வயசில் எறும்புப் புற்றைக் கண்டால் அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்துவிடுகிற ஆள் அவர். பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போய் எத்தனையோ அடி வாங்கியிருக்கிறார். இப்போதும் வேட்டியை மடித்துக்கொண்டு தரையில் அப்படியே உட்கார்ந்தார்.

பென்சில் முனையால் சிலந்தியை லேசாகத் தொட்டார்.

ஒரு கால் அசைந்தது.

"டீச்சர்! டீச்சர்! இங்க வாங்க! உயிரோட இருக்கு!"

ஜெபக்கனி இரண்டு டம்ளரோடு வந்து நின்றாள்.

"ஆப்ஷன் சி-தானே, அண்ணாச்சி? ஃபுல் மார்க் வாங்குனீங்களே?"

அவர் காதில் விழவில்லை.

"எதுக்கு உயிரோட வைக்கணும்? இருங்க, இருங்க, சொல்லாதீங்க. செத்தா அழுகிப்போகும். அதுக்கென்ன, வீட்ல ஃபிரிட்ஜா இருக்கு? உயிரோட கிடந்தா குஞ்சு பொரிச்சு வர்ற வரைக்கும் கெட்டுப்போகாது! அடடா, அடடா!"

டீ ஆறிக்கொண்டிருந்தது.

"அப்போ எந்த இடத்துல கொட்டணும்னு எப்படித் தெரியுது டீச்சர்? கொஞ்சம் கூடிப்போனா செத்துரும். கொஞ்சம் குறைஞ்சா எழுந்து ஓடிரும். இந்தக் குளவி அதோட அம்மாவைப் பாத்திருக்கவே பாத்திருக்காதே, யாரு சொல்லிக் கொடுத்தா?"

"தெரியாது, அண்ணாச்சி."

சிவசைலம் தலையைத் தூக்கினார். இரண்டு வருஷத்தில் டீச்சர் வாயிலிருந்து அப்படி ஒரு பதிலை அவர் கேட்டதே இல்லை.

"நெசமாவே தெரியாதா?"

"சத்தியமாத் தெரியாது."

"அப்போ யாருக்குத் தெரியும்?"

"போய்த்தான் பார்க்கணும்."

அவர் மறுபடி கூட்டைப் பார்க்க ஆரம்பித்தார். முழங்கால் வலித்தது, மாற்றி உட்கார்ந்தார். கீழ் வீட்டில் யாரோ மருமகளைக் காப்பி குடிக்கக் கூப்பிட்டார்கள். ஜன்னலில் விழுந்த வெயில் மஞ்சளாகிவிட்டது.

ஜெபக்கனி தன் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, ஆறாகப் போகுது. பேப்பர் கடையை அடைச்சிருவான். மூட்டையைப் போட வேண்டாமா?"

சிவசைலம் கூட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே கையை மட்டும் உயர்த்தினார்.

"சத்தம் போடாதீங்க டீச்சர். அடுத்ததைக் கொண்டு வருது."